நாக்கு நானா சொன்ன தண்ணீர்

மன்னார் மாவட்டத்தில் தண்ணீரிடம் கேள்வி கேட்டு, அதனிடமிருந்து பதிலும் வாங்கக்கூடிய ஒரே மனிதர் நாக்கு நானாதான். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தண்ணீர்த் திணைக்களக் கந்தோரின் சம்பளப் பட்டியலோடு சரி. முசலிப் பக்கத்து முஸ்லிம் மனிதர் என்பதால், அண்ணன் முறையில் எல்லோருக்கும் நானா. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தண்ணீரில் ஒரு மிடறு வாயில் விட்டு, கண்ணை மூடி, இரண்டு கன்னத்துக்கும் உருட்டித் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார் என்பதால் நாக்கு. கந்தோரில் புதிதாக வைத்த வடிகட்டித் தண்ணீருக்கு அவர் சொன்னது, "காச்சல்காரன்ர கஞ்சி." அதன் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. மேலதிகாரி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை, அவருடைய மனைவி பார்த்துக்கொண்டிருக்க, "பழைய இரும்பு" என்றார். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு கிணற்றை இறைத்தபோது அடியிலிருந்து இரண்டு வாளியும் பாதிச் சைக்கிளும் வந்தன.

சென்ற கோடையில் எங்கள் மூவரையும் காட்டுக்கு அனுப்பினார்கள். பற்றைக்காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் கிணறுகளையும் சிறு குளங்களையும் பதிந்துகொண்டு, மூன்று நாள் நடந்து மறிச்சுக்கட்டி ஊரில் கரையேற வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த எஞ்சினியரின் கையில் உப்பை அளக்கும் கருவி இருந்தது. என் கையில் பதிவுக் கொப்பி. நானாவின் கையில் ஒரு கேத்தில். மனிதர் பச்சைத் தண்ணீரை ருசி பார்ப்பாரே தவிரக் குடிக்கமாட்டார். கொதிக்க வைத்துத் தேயிலை போட்டால்தான் தொண்டைக்குள் இறங்கும்.

முதல் நாளே நானா எங்களைக் கவிழ்த்தார்.

"வாங்கோ, ஒரு கிணறு காட்டுறன். இளநி தோத்துப் போகும்" என்று இரண்டு மணி நேரம் முள்ளுக்குள்ளால் நடத்திப் போனார். போய்ச் சேர்ந்த இடத்தில் கிணறு இல்லை. ஒரு தொலைபேசிக் கோபுரம் நின்றது.

"நானா, எப்ப கடைசியாய் இந்தக் கிணத்தைப் பார்த்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஊரை விட்டுப் போக முந்தி" என்றார். சண்டைக் காலத்தில், இளவட்டமாக இருந்தபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனவர், சண்டை முடிந்த பிறகுதான் திரும்பியிருந்தார். கோபுரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "போன் சிக்னலெண்டாலும் நல்லா இழுக்குமே?" என்று கேட்டார். இழுக்கவில்லை.

இரண்டாம் நாள்தான் வினை வந்தது. மதியம் தண்ணீர்க் கலன்களோடு வந்து சந்திக்க வேண்டிய உழவு மெசின் வரவில்லை. வழியில் அச்சு முறிந்து நின்றதாம். அது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். மூன்று மணிக்கு எங்களிடம் மிஞ்சியது ஒரு போத்தலில் நாலு விரல் தண்ணீர். வெயில் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. எஞ்சினியரின் உதடு வெடித்துவிட்டது. எனக்கு நாக்கு, வாய்க்குள் யாரோ வைத்துவிட்டுப் போன மரத்துண்டு போல இருந்தது.

அப்போதுதான் ஒரு வத்தகைப் பழத் தோட்டத்து வேலியோரமாக அந்தக் குட்டை தெரிந்தது. அடி மணல் தெரியும் தெளிவு. எஞ்சினியர் ஓடிப்போய்க் கருவியை விட்டார்.

"உப்பே இல்லை! அருமையான தண்ணி!"

நானா கிட்டப் போய்க் குந்தினார். வழக்கத்துக்கு மாறாக வாயில் விடவில்லை. கரையைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"சேர், இதை விடுங்கோ."

"ஏன்?"

"ஒரு தவளை இல்லை. ஒரு பூச்சி இல்லை. மாட்டுத்தடம் கரை வரைக்கும் வந்து திரும்பிப் போகுது. மாடு வேண்டாமெண்டதை நாங்கள் ஏன் குடிப்பான்?"

"கொதிக்க வைச்சுக் குடிப்பம் நானா!"

"கிருமி எண்டால் கொதிக்கச் சாகும். இது கிருமியையே சாக்காட்டின தண்ணி போல கிடக்கு."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். நேற்றைய கோபுரம் எனக்கும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நானாவின் முகத்தில் பகிடிச் சிரிப்பு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. "நானா சொல்லுற மாதிரிச் செய்வம்" என்றேன்.

நாலு விரல் தண்ணீரில் மூவரும் நாக்கை நனைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நடந்து வறண்ட ஆற்றுக்கு வந்தோம். ஆறு என்பது பெயருக்கு. முழுக்க மணல். நானா, மருத மரங்கள் பச்சையாக நிற்கும் வளைவுக்குப் போனார். அங்கே மணலில் ஒரு பெரிய குழி. அடியில் ஈரம்.

"ஆனை தோண்டினது" என்றார், சொந்தக்காரர் வீட்டைக் காட்டுவது போல.

"திரும்பி வந்தா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"வந்தா எழும்பி இடம் விடவேணும். அது பட்ட பாடெல்லோ."

யானைக் குழிக்குப் பத்தடி தள்ளி, மூவரும் கையாலும் கேத்தில் மூடியாலும் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. முதல் இரண்டு தரம் ஊறியதை இறைத்து ஊற்றச் சொன்னார். மூன்றாவதை என் துவாயில் வடித்து, "பிஸ்மில்லா" என்று ஒரு மிடறு வாயில் விட்டுக் கண்ணை மூடினார். எஞ்சினியர் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு நானாவின் கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனை நல்ல ஆள்" என்றார் நானா.

கேத்திலில் கொதிக்க வைத்துத் தேயிலை போட்ட அந்தப் பிளேன்ரீயில் சீனி இல்லை, கொஞ்சம் மணல் இருந்தது. நான் ஐந்து கோப்பை குடித்தேன்.

மறுநாள் காலை, மேய்ச்சலுக்கு மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஐயாவிடம் அந்தக் குட்டையைப் பற்றி விசாரித்தோம்.

"ஐயோ, குடிச்சுப் போட்டியளோ? வத்தகைக்குப் பூச்சி மருந்தடிக்கிற கலன் கழுவுற குழியெல்லோ அது!"

எஞ்சினியர் மறிச்சுக்கட்டிக் கடையில் ஏறியதும் ஒரு குளிர்ந்த போத்தல் தண்ணீர் வாங்கி, தான் குடிக்காமல் முதலில் நானாவிடம் நீட்டி, "பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். நானா உருட்டிப் பார்த்தார். "ஒரு குறையும் இல்லை. ஒரு குணமும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்த ஆண்டு நானா ஓய்வு பெற்றுவிட்டார். வெயில் ஏறிய நாளெல்லாம் முசலியிலிருந்து போன் எடுப்பார். சுகம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "தம்பி, வீட்டில தண்ணி எப்பிடி?" என்பதுதான் கேள்வி. போன கிழமையும் கேட்டார். எங்கள் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர்தான் வருகிறது.

"ரெண்டு நாளாய் ஒரு மாதிரி உப்புக் கரிக்குது நானா" என்றேன். "ஒருக்கா வந்து பார்த்தீங்கள் எண்டால் நல்லது."