மாப்பிள்ளை பார்க்கப் போன முதுகு

கிளினிக் மேசையில் முகத்துக்கென்று விட்டிருந்த ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குப்புறக் கிடந்த பஸ்ரியனுக்கு, வருங்கால மருமகனின் சப்பாத்து மட்டும்தான் தெரிந்தது.

நல்ல சப்பாத்துத்தான். துடைத்துப் பளபளவென்று இருந்தது. பஸ்ரியனுக்கு அதுவே சந்தேகமாகப் போய்விட்டது. இருபத்தொன்பது வயதுப் பெடியன், அதுவும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிற பெடியன், சப்பாத்தை இப்படி வைத்திருக்கிறான் என்றால் யாரையோ ஏமாற்றத்தான் வைத்திருக்கிறான்.

"மூச்சை இழுத்து விடுங்கோ, அல்பேட் அங்கிள்," என்றான் றொய்சன்.

பஸ்ரியன் இழுத்தார், விட்டார். அல்பேட் என்பது அவருடைய பெயர் இல்லை. வோபர்னில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரனின் பெயர். கிளினிக்கில் பெயர் கேட்டபோது அவசரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

முதுகு சடக் என்றது.

எல்லாம் ஒரு ரெலிபோனில் தொடங்கியது. விட்பியிலிருந்து அருள்நாயகி என்று ஒரு மனுசி, கோயிலில் யாரோ நம்பர் தந்ததாகச் சொல்லி எடுத்து, தன் மகன் றொய்சனுக்குப் பஸ்ரியனின் மகள் றஜிதாவைக் கேட்டார். மகன் என்ன செய்கிறார் என்று பஸ்ரியன் கேட்டார். டொக்டருக்குப் படிக்கிறார், கடைசி வருசம் என்றார். என்ன டொக்டர் என்று கேட்டார். கைரோபிறக்ரர், முதுகெலும்பைக் கையாலேயே பிடித்துச் சரிசெய்கிற டொக்டர் என்றார். அதோடு நிற்காமல், மகன் செவ்வாயும் வியாழனும் கல்லூரிக் கிளினிக்கில் நிற்பார், வெளிச்சனமும் வந்து முதுகு காட்டலாம், வோபர்னிலிருந்து இரண்டே பஸ்தான் என்று விலாசத்தையும் சொன்னார். கேட்காததை எல்லாம் கக்கிப்போட்டா மனுசி, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பஸ்ரியன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு தரம், மனேஜர் என்று சொல்லிக்கொண்டு வந்த மாப்பிள்ளையை நம்பிக் கலியாண ஹோல் வரைக்கும் பிடித்துவிட்டார். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்க, அவனுக்குப் பாரிசில் ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிற செய்தி வந்தது. றஜிதா அழவில்லை. அழுதிருந்தால் பஸ்ரியனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு வருசமாகக் கலியாணம் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடாமல் இருந்துவிட்டு, இப்போதுதான் கொஞ்சம் இறங்கி வந்திருந்தாள்.

"அப்பா, திஸ் இஸ் த லாஸ்ற் வன்," என்று சொல்லியிருந்தாள். "நீங்கள் விசாரிச்சு ஓம் எண்டால் நான் ஒருக்கா மீற் பண்ணுறன். இல்லாட்டி இனி ஒருத்தரையும் என்னட்டக் கொண்டு வராதேங்கோ."

ஆகவே இந்த முறை ஊரை விசாரிக்கிற வேலையே இல்லை, தன் முதுகைக் கொடுத்து நேரே விசாரிப்பது என்று பஸ்ரியன் தீர்மானித்தார். மனைவி பேர்ணடெற்றுக்குக்கூட மூச்சு விடவில்லை. அவருக்குச் சொன்னால் பொழுதுபடுவதற்குள் அடுத்த ஊர் அஜக்ஸ் வரைக்கும் கதை போய்விடும்.

முதல் நாளே விசாரிக்கப் போனவரை விசாரித்துவிட்டார்கள். றொய்சன் ஒரு கட்டுப் படிவங்களோடு முன்னால் உட்கார்ந்து ஒன்றே முக்கால் மணித்தியாலம் கேள்வி கேட்டான். தகப்பனுக்கு என்ன வருத்தம், தாய்க்கு என்ன வருத்தம், எந்தப் பக்கம் சரிந்து படுப்பீர்கள், எத்தனை தலையணை. பிள்ளைகள் எத்தனை என்றும் கேட்டான். மகளைப் பற்றி வாய் தவறினால் கதை கந்தல் என்று பயந்து, தனக்குக் கலியாணமே ஆகவில்லை என்றார் பஸ்ரியன். குடிப்பீர்களா என்று வந்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பெடியன் குடிக்கிற ஆள் என்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா. நாளுக்கு ஆறு பியர் என்று ஒரு போடு போட்டார். நத்தாருக்கு அரைக் கிளாஸ் வைனோடு நித்திரைக்குப் போகிற மனுசன் அவர்.

றொய்சனின் முகம் ஒன்றையும் காட்டிக்கொடுக்கவில்லை. எழுந்துபோய், மேற்பார்வை செய்கிற டொக்டர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ரியனின் ஈரலைப் பற்றி இருபது நிமிடம் கவலைப்பட்டார்கள்.

பிறகு எங்கே நோகிறது என்று கேட்டார்கள். எங்கேயும் நோகவில்லை. நாரிதான் என்று இடுப்புக்குப் பின்னால் கையை வைத்தார். குனியச் சொன்னார்கள். நாரி நோகிற ஆள் எப்படிக் குனிவான் என்று காட்டுகிற மும்முரத்தில் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஐம்பத்தெட்டு வருசமாகத் தன்பாட்டில் கிடந்த நாரி, அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது.

"இப்ப உண்மையா நோகுது," என்றார் பஸ்ரியன், தரையைப் பார்த்தபடி.

"அப்ப முதல் நொந்தது?" என்று கேட்டான் றொய்சன்.

பெடியன் சரியான சுழியன் என்று பஸ்ரியன் மனதில் குறித்துக்கொண்டார்.

கிழமைக்கு இரண்டு தரம், ஆறு கிழமைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியும் இல்லை, அவரால் சப்பாத்துக் கயிறுகூடக் கட்ட முடியவில்லை. வெயாஹவுஸ் வேலை மூன்று மணிக்கு முடிந்ததும் பஸ் எடுத்தார். வீட்டில், கோயில் பாடகர் குழுவில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். முப்பத்திரண்டு வருசமாகப் பூசையில் ஆமென்கூட உரக்கச் சொல்லாத புருசன் பாடப் போவதைப் பேர்ணடெற் ஒரு தினுசாகப் பார்த்தார். வருங்கால மருமகனுக்கு முன்னால் சட்டையைக் கழற்றவேண்டுமே என்று பஸ்ரியன் அரை டசின் புதுப் பெனியன் வாங்கினார். முதுகுக்குப் பவுடரும் போட்டார். பேர்ணடெற் அதையும் பார்த்தார்.

கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் அவர் வயதில் மூன்று நான்கு தமிழ் ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். தெரிந்த முகம் ஒன்று அகப்பட்டுவிடப் போகிறதே என்று பஸ்ரியன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்வார். அவர்களும் ஏனோ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். முதுகு நோகிற சனத்துக்கு வெளிச்சம் கூடாதாக்கும் என்று அவர் நினைத்தார்.

மூன்றாம் கிழமை, அந்த டொக்டர் அம்மா, தனியாக இருந்து ஆறு பியர் குடிக்கிற மனுசனின் முதுகை மற்றப் பிள்ளைகளும் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். பதினெட்டு மாணவர்களுக்கு முன்னால் பஸ்ரியனைப் பெனியனும் இல்லாமல் நிறுத்தினார்கள். தோள் இப்படிச் சரிந்திருப்பதற்குத் தனிமையும் ஒரு காரணமாகலாம் என்று றொய்சன் விளக்கினான். ஒரு பெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக வீட்டில் ஒருத்தி இறால் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வழியில்லாமல், பஸ்ரியன் தனிமையாக நின்றார்.

இவ்வளவு பாடுபட்டும் பெடியனிடம் ஒரு பிழை அகப்படவில்லை என்பதுதான் பெரிய கரைச்சல். எங்கே தொட்டாலும் சொல்லிவிட்டுத்தான் தொட்டான். ஒரு நாள், நீ உண்மையான டொக்டரோ என்று பஸ்ரியன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

"நாங்கள் மருந்து எழுதிறேல்லை, ஒப்பரேசன் செய்யிறேல்லை, அங்கிள்," என்றான் றொய்சன். "எங்களால ஏலாததை ஏலாது எண்டு சொல்லி மற்ற டொக்டரிட்ட அனுப்பவும்தான் படிக்கிறம்."

பாரிஸ்காரன் ஒரு நாளும் ஏலாது என்று சொன்னதில்லை. பஸ்ரியன் அன்று பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. குடியாத பியரைக் குறைக்கத் தொடங்கினார். அடுத்த செவ்வாய், நாளுக்கு நாலுதான் என்றார். றொய்சன் கையைக் குலுக்கினான். அடுத்த கிழமை இரண்டு என்றார். பெடியனின் சந்தோசத்தைப் பார்த்து, இரண்டையும் விட்டுவிடுகிறேன் தம்பி என்று தழுதழுத்தார். தான் ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தால், பேர்ணடெற் அவர் காலையில் மறந்து விட்டுப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றார்.

வியாழன் நாலு மணிக்கு உங்களுக்காகக் காத்திருக்கிறோம், மறக்கவேண்டாம் அல்பேட் என்று அதில் ஒரு செய்தி வந்திருந்தது. கீழே ஷரோன் என்று இருந்தது. ஷரோன், கிளினிக்கின் முன்மேசையில் இருந்து படிவம் வாங்குகிற தமிழ்ப் பெட்டை.

பேர்ணடெற் அதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தாயிற்று. பெயர் அல்பேட், போன் பஸ்ரியனுடையது என்றால் இரண்டு கிழடுகளும் சேர்ந்து ஏதோ விளையாட்டு விடுகிறார்கள் என்று முடிவுகட்டி, அல்பேட்டின் மனைவியிடம் செய்தியைக் காட்டிவிட்டார். அல்பேட்டுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு கிடைக்கவில்லை. ஷரோன் என்று ஒருத்தியைத் தெரியவே தெரியாது என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறானாம்.

"ஆரப்பா உவள்?" என்று கேட்டார் பேர்ணடெற்.

பஸ்ரியன் கதிரையை இழுத்து உட்கார்ந்து, பாடகர் குழுவில் தொடங்கிப் பதினெட்டு மாணவர்கள் வரை எல்லாவற்றையும் கொட்டினார். முடிந்ததும் பேர்ணடெற் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பெடியன் எப்பிடி?"

"நல்ல பெடியன்," என்றார் பஸ்ரியன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. இரண்டு வருசமாக அவர் ஒருவரையும் அப்படிச் சொன்னதில்லை.

"அப்ப போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்கோ. கள்ளப் பேரில சம்பந்தம் செய்யேலாது."

அன்று பின்னேரமே றஜிதாவிடமும் சொன்னார். வேலையால் வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். ஷுவரா என்று கேட்டாள். ஓம், இந்த முறை நான் ஷுவர் என்றார். சரி, சனிக்கிழமை மீற் பண்ணுறன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வெள்ளிக்கிழமை தலைமயிர் வெட்ட இடமிருக்கிறதா என்று போனில் யாரையோ கேட்கிற சத்தம் மேலேயிருந்து வந்தது. பஸ்ரியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை அரை மணித்தியாலம் முன்னதாகவே போனார். தொப்பி போடவில்லை. நல்ல சேட்டும், கையில் ஒரு பெட்டி லட்டும். நாரியும் நோகவில்லை, ஆள் நேராக நடந்தார். முன்மேசையில் ஷரோன் வழக்கம்போலச் சிரித்தாள்.

"பிள்ளை, என்ர பேரை ஒருக்கா மாத்தவேணும்," என்றார். "நான் அல்பேட் இல்லை. பஸ்ரியன். எனக்குப் பெஞ்சாதி இருக்கு, மகள் இருக்கு. நான் பியரும் குடிக்கிறேல்லை."

ஷரோன் திடுக்கிடவில்லை. ஓம் அங்கிள், அது பிரச்சினையில்லை என்று எழுதிக்கொண்டாள்.

"றொய்சனுக்குக் கேட்டிருக்கிற பெம்பிளை என்ர மகள்தான். வடிவா விசாரிச்சிட்டன், எங்களுக்கு முழுச் சம்மதம். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

ஷரோனின் கையில் பேனை நின்றுவிட்டது. சிரிப்பும் போய்விட்டது. அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, பஸ்ரியனைக் கையில் பிடித்து ஒரு கதிரையில் இருத்தி, லட்டுப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். றொய்சனின் அறைக் கதவை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிக்காதேங்கோ அங்கிள், முப்பது நோயாளியளை இவரே தேடிப் பிடிச்சால்தான் பட்டம் குடுப்பினம், பட்டம் கிடைச்சால்தான் எனக்கும் இவருக்கும் கலியாணம், அதுக்காகத்தான் இவரின்ர அம்மா, என்ர மாமி, முப்பது வீட்டில பெம்பிளை கேட்டவ; உளவு பாக்க வந்த இருபத்தொன்பது அப்பாமாரில, ஓம் எண்டு சொல்ல வந்தது நீங்கள் ஒராள்தான்."