உன் அக்காள் குளிக்க நான் எழுதிய பர்மிட்

அஸ்தம்பட்டி, சேலம்.
தை மாதம், வியாழக்கிழமை காலை.

குமாரபாளையத்தில் பதினாறு தறிகளோடு சீரும் சிறப்புமாக இருக்கும் என் அன்பு மாப்பிள்ளை தீனதயாளனுக்கு, உன் அக்காள் புருஷன் நாச்சிமுத்து எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. யாவரும் என்று எழுத இந்த வீட்டில் இன்னொரு ஆள் வேண்டுமே. ஆகையால் நான் மட்டும் நலம். அங்கு நீ, உன் மனைவி மக்கள், மற்றும் இரண்டு நாளில் திரும்பிவிடுவாள் என்று நான் நினைத்திருக்க, இன்றோடு இருபது நாளாக உன் வீட்டில் இருக்கும் உன் அக்காள் ஜானகி ஆகியோரின் நலமறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ போனை எடுத்தால் தறிச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போடுவாய். நான் சொல்வதை உன் அக்காள் கேட்பாள், உன் மனைவி கேட்பாள், தறிக்கு நூல் சுற்றித் தார் போடுகிற பெண்கள் வரைக்கும் கேட்பார்கள். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் பாய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவன், குளியலறை ஹீட்டர் விஷயத்தில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த கதையை அத்தனை பேர் கேட்க வேண்டாம்.

அவள் உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நடந்ததை நானும் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். ஐப்பசியில் வந்த கரண்டு பில்லைப் பார்த்துவிட்டு ஜானகி, "ஏனுங்க, குளிச்சு முடிச்சதும் ஹீட்டர் சுவிட்சை அமத்திப்போடலாமுங்க, அதுதான் கரண்டை இழுக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய்லரைப் பற்றி எனக்கே பாடமா? எங்கள் நிலையத்தில் ஒரு பாய்லரை அணைத்து ஆறவிட்டால், மறுபடி பற்றவைத்து ஆவி பிடிக்க மணிக்கணக்கில் எண்ணெய் எரிய வேண்டும். அணைப்பதுதான் நஷ்டம், எரியவிடுவதுதான் சிக்கனம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தலையில் ஏற்றிவிட்ட பாடம் அது. ஹீட்டருக்கும் அதேதான் என்று முடிவு கட்டி, சுவிட்சைப் போட்டவன் போட்டபடியே விட்டுவிட்டேன். இரவு பகலாக அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பழைய கண்ட்ரோல் ரூம் ஞாபகம். மதியம் சாப்பிட்டபின் குளியலறை வாசலில் நாற்காலி போட்டுக்கூட உட்கார்ந்திருக்கிறேன்.

என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் மின் சிக்கனம் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் ஒரு மணி நேரம் பேசினேன். ஓய்வு பெற்றபின் என் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான், அதனால் கொஞ்சம் உற்சாகம் கூடிவிட்டது. எதிர் வீட்டு சாரதாமணி டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். பன்னிரண்டு வீட்டிலும் ஹீட்டரை அணைப்பதை நிறுத்தினார்கள். மார்கழியில் ரீடிங் எடுக்க வந்தார்கள். மறுநாள் காலையில் செயலாளர் பிரபாகர் வாசலில் நிற்கிறான், பின்னால் படிக்கட்டு வரைக்கும் ஆள். "அண்ணா, உங்க பேச்சைக் கேட்டு எல்லா ஊடும் ஐநூறு யூனிட்டைத் தாண்டிப்போச்சுங்க" என்றான். டீச்சர் நோட்டை என் மூக்குக்கு நேராக நீட்டி, "நீங்க சொன்னதை ஒரு வரி விடாம எழுதி வெச்சிருக்கறனுங்க. எந்த வரி தப்புன்னு நீங்களே சிவப்பு மையில திருத்திக் குடுங்க" என்றார். எனக்குத் தெரியவில்லை மாப்பிள்ளை. உண்மையாகவே தெரியவில்லை. உள்ளே இருந்து ஜானகிதான் சொன்னாள்: "ஊரே ராப்பகலா கரண்டு கேக்குது, அதனால அந்த பாய்லரை அமத்தறதில்ல. இந்த ஊட்டுல ரெண்டு பேரு, காலையில ஒருக்காத்தானுங்க குளிக்கறோம். மிச்ச நேரமெல்லாம் யாருக்குத் தண்ணி காயுது?" பன்னிரண்டு வீட்டு ஆட்களும் தலையாட்டினார்கள். டீச்சர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த அவமானத்தில் நான் மறுகோடிக்குப் போனேன். இது என் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நிலையத்தில் பர்மிட் இல்லாமல் ஒரு வால்வைக்கூடத் தொட முடியாது. யார், எதற்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் வேலை. அதேபோல் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுக் குளியல் பர்மிட் தயார் செய்தேன். ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வைத்தேன். ஷவருக்குத் தடை, ஆளுக்கு ஒரு பக்கெட். பத்து நிமிடம் முன்னால் போடுவது, பர்மிட் நேரம் முடிந்ததும் அணைப்பது. சுவிட்சில் 'தொடாதே' என்று சிவப்புப் பலகை தொங்கவிட்டேன். ஜானகி பன்னிரண்டு நாள் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டாள். அவள் ஒத்துழைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அவள் வாய் திறக்காததன் அர்த்தம் புரிந்திருக்க வேண்டாமா?

பதிமூன்றாவது நாள் வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனாள். நேரம் முடிந்தது, நான் வழக்கம்போல் அணைத்துவிட்டேன். உள்ளே இருந்து, "ஏனுங்க, தலையில சீயக்காய் அப்படியே இருக்குதுங்க, தண்ணி சில்லுன்னு வருது, சுவிட்சைப் போடுங்க" என்று குரல் வந்தது. நான் கதவுக்கு வெளியே நின்று நோட்டைப் புரட்டிப் பார்த்து, "பர்மிட்டில் எண்ணெய்க் குளியல் என்று எழுதவில்லையே" என்றேன். மாப்பிள்ளை, அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் என் பென்ஷனில் பாதியைக் கொடுத்துவிடுவேன். மார்கழிக் குளிரில் பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஈரத்தலையோடு பையில் நாலு சேலையை எடுத்து வைத்தாள். கதவருகே நின்று சத்தம் போடாமல் சொன்னாள்: "முப்பது வருசத்துக்கு மேல உங்களுக்குச் சுடுதண்ணி காய வெச்சனே, என்னிக்காச்சும் ஒரு சீட்டுல கையெழுத்து கேட்டனா?" அவ்வளவுதான். போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு மேட்டூர் குவார்ட்டர்ஸ் நினைப்பாகவே இருக்கிறது. உனக்கும் நினைவிருக்கும், பள்ளிக்கூட லீவில் அங்கே வந்து நிற்பாயே. பின்பக்கம் கொய்யா மரத்தடியில் மூன்று கல்லை வைத்து, அதன்மேல் உங்கள் அப்பா சீராகக் கொடுத்த செப்பு அண்டா. ராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் நான் வரும்போது காது, மூக்கு, புருவம் எல்லாம் சாம்பல். அனல் நிலையத்துச் சங்கு ஊதினதும் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். நான் சைக்கிளை நிறுத்தும்போது தண்ணீர் பதமாக இருக்கும், ஒரு நாளும் சூடு கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. முதல் சொம்பு ஊற்றினால் கறுப்பாக ஓடும், இரண்டாவது சாம்பல் நிறம், மூன்றாவதில்தான் என் நிறம் தெரியும். "இப்பத்தான் எங்க ஊட்டுக்காரர் வந்திருக்கறாரு" என்று சிரிப்பாள். ஒரு தடவை யூனிட் டிரிப் ஆகி எந்திரம் நின்றுபோனதால் அடுத்த ஷிப்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு வந்தேன். அப்போதும் தண்ணீர் சூடாகவே இருந்தது. எத்தனை தடவை ஆறி, எத்தனை தடவை மறுபடி காய வைத்தாள் என்று நான் கேட்கவே இல்லை. ஊருக்கெல்லாம் நான்தான் ஆவி தயாரிக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். எனக்கு யார் தயாரித்தார்கள் என்று யோசிக்கவில்லை. அந்தக் கொய்யா மரத்தடிக் குளியல் போல ஒரு சுகம் இந்தப் பளிங்குக் குளியலறையில் எனக்குக் கிடைத்ததே இல்லை. அது தண்ணீரின் குணம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்போது நிலவரம் சொல்கிறேன். தனி ஆள், ஒரு விளக்கு, ஒரு விசிறி. ஹீட்டர் போடுவதில்லை. இப்படியே போனால் இந்தத் தடவை நூறு யூனிட்டுக்குள் முடிந்து பில்லே வராது. பிரபாகர் கை குலுக்கி வாழ்த்துச் சொன்னான். அதைச் சொல்லிப் பெருமைப்பட வீட்டில் ஆள் இல்லை.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் அக்காளைப் பஸ் ஏற்றி அனுப்பிவைக்கவும். நோட்டைக் கிழித்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். சிவப்புப் பலகையும் போயாயிற்று. ஹீட்டர் சுவிட்சு இனி அவள் பொறுப்பு, நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஆனால் ஒன்று, நான் அங்கு வந்து கெஞ்சுவேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மாமனார் வீட்டு வாசலில் தலை குனிந்து நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. அவளாக வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் எனக்குச் சமைக்கத் தெரியும், ரசம் நன்றாகவே வருகிறது.

உன் தறிகள் மின்தடை இல்லாமல் ஓடவும், நூல் விலை இறங்கவும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும் மனதார வாழ்த்துகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்,
நாச்சிமுத்து.

பின்குறிப்பு: கையெழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். சங்ககிரி தாண்டிவிட்டது. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நீ கதவைத் திறந்ததும் நானே கையில் கொடுப்பேன், முதலில் இதைப் படி. அவளை அனுப்ப வேண்டாம். ஏன் வந்தீர்கள் என்று உன் அக்காள் கேட்டால், ரீடிங் எடுக்கும் வரை அங்கே தங்கினால் கரண்டு மிச்சம் என்று சொல்வதாக இருக்கிறேன், நீயும் ஆமாம் என்று சொல். ரசம் பற்றி எழுதியது பொய். அவள் இல்லாமல் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை மாப்பிள்ளை. இந்த வரியை மட்டும் அவளிடம் படித்துக் காட்டிவிடாதே. இல்லை, படித்துக் காட்டு. நான் அந்த நேரம் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்து நின்றுகொள்கிறேன்.