தாஹான் ஃபியூஸ்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்பு. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா என்று சந்தேகம் வந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எழுதிவிடுவேன். வாசிப்பவர் தம் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம்.

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் அடித்த கூத்து இது.

பெண் வீடு செங் என்ற ஊரில். மாமாவின் காரில் போனோம். பட்டனை அழுத்தினால் தானே நகரும் அந்த வீட்டு ஆட்டோ கேட் பாதி திறந்ததோடு நின்றுவிட்டது. காரின் மூக்கு உள்ளே, வால் ரோட்டில். பெண்ணின் அப்பா ஓடிவந்தார்.

"ஃபியூஸ் போயிருச்சு போல. ஸ்பேர் இருக்கு, மாட்டத்தான் ஆளு இல்ல."

"நம்ம பையன் இருக்கறப்ப என்னாங்க கவல? ஃபேக்டரியில மிஷின் எல்லாம் இவன்தான் பாக்கறான் லா," என்றார் மாமா.

(பார்ப்பது உண்மை. கூட்டிப் பெருக்கும்போது தினமும் பார்ப்பேன். தொட்டதில்லை.)

மறுத்துப் பேசக் கூச்சம். புதுச் சட்டையைக் கழற்றிக் காரில் மாட்டிவிட்டு, பனியனோடு மோட்டார் பெட்டி முன் குந்தினேன். டப்பாவில் இரண்டு வகைக் கண்ணாடி ஃபியூஸ்கள். ஒன்றின் முனையில் F, மற்றதில் T. எனக்குத் தெரிந்த F, ஃபெயில்தான். எரிந்துபோனதும் F. T என்றால்? நெடுநாள் தாங்குகிற எதையும் நாங்கள் மலாயில் 'தாஹான்' என்போம். அதன் முதல் எழுத்து T. சந்தேகமே இல்லை, தாஹானை மாட்டினேன்.

பட்டனை அழுத்தினார்கள். கேட்டின் சக்கரத்தில் ஒரு கல் சிக்கியிருந்தது. (முதல் ஃபியூஸைக் கொன்றதே அதுதான். நான் கவனிக்கவில்லை.) மோட்டார் முக்கியது. பெட்டியிலிருந்து புகை வந்தது. பிறகு கேட், திறப்பதற்குப் பதில் மூடும் பக்கமாகக் கல்லை மீறிக்கொண்டு பாய்ந்து மாமாவின் கார்க் கதவில் மோதியது. பட்டனுக்கு அடங்காமல் முட்டிக்கொண்டே இருந்தது. மெயினை அடைத்த பிறகுதான் அமைதி.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, யாருண்ணே T போட்டது?"

"நான்தான். தாஹான்னு நெனச்சேன்."

"தாஹான்தான், அதான் பிரச்சன! கரண்டு கூடுனா இந்த எலக்ட்ரானிக் சுவிட்சு கண்ணு சிமிட்டறதுக்குள்ள செத்துரும். அதுக்கு முன்னாடி ஃபியூஸ் சாவணும். F சட்டுனு சாவும். T யோசிச்சுத்தான் சாவும். இங்க ஃபியூஸக் காப்பாத்த சுவிட்சு உசுர விட்டிருக்கு."

பத்து பெரண்டாம் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் அந்தச் சுவிட்சுகளைச் சோதிப்பதுதான் அவள் வேலையாம். திரும்பி, "அப்பா, அடுத்த தடவ வேல தெரிஞ்ச ஆளக் கூப்புடுங்க," என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "ஏம்மா... இவருதான் மாப்பிள்ள."

அண்ணே என்று அழைத்த வாயை அவள் கையால் பொத்திக்கொண்டாள்.

"பெரிய பெரிய டெக்னீஷியனுக்கே சில நேரம்..." என்று மாமா ஆரம்பித்தார். பயத்தில் எனக்கு வாய் முந்திக்கொண்டது.

"நான் டெக்னீஷியன் இல்லீங்க. கூட்டுற வேல. மிஷினத் தொட்டதே இல்ல."

மாமா என்னைப் பார்த்த பார்வைக்கு, கரண்டு இல்லாமலே அந்த கேட் திறந்திருக்கும்.

இனி யார் பெண் தருவார்கள் என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு பெண்ணிடமிருந்து பதில் வந்தது: "அன்னிக்கு உண்மையச் சொன்ன ஒரே ஆளு அவருதான். எனக்குச் சம்மதம். ஆனா வீட்டுல எதையும் தொடக்கூடாது."

தொடவில்லை. இன்றும் பக்கத்து வீட்டார் குப்பைத் தொட்டிக்காகச் சண்டைக்கு வந்தால் முதலில் சூடாவது அவள்தான். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"அம்மா எரிஞ்சாச்சு, அப்பா இன்னும் யோசிக்கிறாரு. அசல் T லா!" என்பான் மகன்.

அவள் மூச்சு வாங்கியபடி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். "மெதுவா வாங்கண்ணே. ஒண்ணும் அவசரமில்ல."

ஒருவழியாக எழுதி முடித்தது: ஆகஸ்டு 17, ஞாயிற்றுக்கிழமை.