அரை கிலோ கத்திரிக்காயும் என் கண் ஆபரேஷனும்

காய்கறி தின்று எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது.

கண்ணில் புரை. கடலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றார்கள். சர்க்கரை இறங்கினால்தான் செய்வார்களாம். எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்றே தெரியாத நிலையில் இருந்தேன்.

நர்ஸ் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். "ஐயா, ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை கிலோ காயும் பழமும் சாப்பிடணும். கவர்மெண்டு சொல்ற அளவு. நெறைய பேரு அந்தப் பக்கமே போறதில்ல."

"நான் போறேன்" என்றேன். நாட்டின் குறையை நாம் தீர்ப்போமே.

சிதம்பரத்துக்காரனுக்குக் காய் என்றால் கத்திரிக்காய். கத்திரிக்காய் என்றால் கொத்சு. வந்ததும் மனைவி தனலட்சுமியிடம் சொன்னேன்: "தெனம் அரை கிலோ கத்திரிக்காய்ல கொத்சு. எனக்கு மட்டும்."

"நர்ஸு கொத்சுன்னா சொன்னாங்க?"

"காய்னு சொன்னா. கத்திரிக்காய் காயில்லாம கல்லா? வையி."

வைத்தாள். சட்டி காலியாகாமல் நான் எழுந்ததில்லை.

மறுபடி கடலூர். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை முன்னைவிட ஜாஸ்தி.

"காய் சாப்பிட்டீங்களா, இல்லியா?" என்றாள் நர்ஸ்.

"அளவு குறையாம. கொத்சு."

"எதுக்குத் தொட்டுக்கிட்டீங்க?"

இது ஒரு கேள்வியா? "இட்லிக்குத்தான்."

"எத்தனை?"

"எண்ணலை."

கூட வந்த தனலட்சுமி எண்ணியிருக்கிறாள். "வேளைக்குப் பன்னெண்டு. கொத்சு மிச்சம் இருக்குன்னு இட்லி கேப்பாரு. இட்லி மிச்சம் இருக்குன்னு கொத்சு கேப்பாரு."

நர்ஸ் சிரிக்கவில்லை. "ரெண்டு இட்லிக்கு மேல கூடாது. இல்லைன்னா ஆபரேஷனை மறந்துடுங்க."

ரெண்டு இட்லியை வைத்துக்கொண்டு ஒரு சட்டி கொத்சை என்ன செய்வது? படத்தில் அது இல்லை.

நான் அடங்கவில்லை. அந்த வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து தனலட்சுமியின் தம்பி கலியபெருமாள் வந்தான். அக்காளும் தம்பியும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசினார்கள். அவன் கிளம்பும்போது பைக்கில் எங்கள் இட்லிக் குண்டான், தட்டோடு.

"மச்சான், எங்க தூக்கிட்டுப் போற?"

"வீட்டுல விசேஷம் மாமா. முடிஞ்சதும் குடுத்துடுறேன்."

குண்டான் திரும்பி வரவில்லை. போன் போட்டேன்.

"விசேஷம் இன்னும் முடியல மாமா."

"அப்பிடி என்ன விசேஷம்?"

"உங்க கண் ஆபரேஷன்."

கடை இட்லி வாங்கித்தர தனலட்சுமி மாட்டேன் என்றாள். தனியாக ரோட்டைத் தாண்ட எனக்குக் கண் இல்லை. பொரியலும் கொய்யாவும் தின்று கிடந்தேன்.

சர்க்கரை இறங்கியது. ஆபரேஷன் ஆயிற்று.

"யாரு சொல்லிக் கேட்டீங்க ஐயா?" என்றாள் நர்ஸ்.

"யார் சொல்லியும் கேக்கலை. குண்டானைத் தூக்கினது கலியபெருமாள்."