தோள் மொய்

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு, அது நாளை எந்த இடத்தில் நிற்கும் என்று கவலைப்பட்ட மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் 'ஓனர்'.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் வாடகைக்காரர்கள். அங்கே வந்து, கை குலுக்கிய கையோடு "எனக்குச் சொந்த வீடு இருக்குதுங்க" என்று சொன்னதால் அவருக்கு அந்தப் பெயர். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் ஒண்டிக்கட்டை. கல்யாணப் பேச்சை எடுத்தால் மழையைப் பற்றிப் பேசுவார். மருந்துக் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை. வீடு எங்கே என்று கேட்டால்தான் வம்பு. பக்கத்து ஊர் எடிசனும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. இந்தோனேசியாவில், சுலவேசித் தீவில், ஒரு குக்கிராமம்.

எப்போதோ ஒரு சிமென்ட் ஆலையின் கம்ப்யூட்டர் வேலைக்காக அவரை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். உயரமான மரக்கால்களின் மேல் நிற்கும் ஒரு மரவீட்டில் தங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது மற்றவர்கள் காபித்தூள் வாங்கி வருவார்கள். இவர் அந்த வீட்டையே வாங்கிவிட்டு வந்தார்.

எங்கள் வளாகத்தின் ரியல் எஸ்டேட் நிபுணர் சேலத்து முருகேசன். ஒரகடம் பக்கம் வாங்கிப்போட்ட மனையைத் தினமும் மேப்பில் பார்த்து, யாரும் வேலி போடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பல் விளக்குவார். அவர் ஓனரைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

"நிலம் ஹாஜியோடதுங்க. பக்கத்து வீட்டுப் பெரியவரு. வெளிநாட்டுக்காரன் அங்க நிலம் வாங்க முடியாதுங்க."

"அப்ப உங்களோடது எது?"

"மேல இருக்கிற வீடுங்க."

"கீழ?"

"கீழ கோழி மேயும். அது யாரோடதுன்னு நான் கேக்கலைங்க."

"யோவ், நாளைக்கே அந்த ஹாஜி காலி பண்ணுன்னா என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிட்டுப் போயிருவோங்க."

"எதை?"

"வீட்டைத்தானுங்க."

முருகேசனுக்கு அன்று பிபி மாத்திரை தேவைப்பட்டது.

விஷயம் நிஜம்தான். அந்த ஊரில் வீடு இடம் மாற வேண்டுமென்றால், அடியில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார்கள். ஊர் ஆண்கள் எல்லோரும் வந்து தோள் கொடுப்பார்கள். பெரியவர் ஒருவர் குரல் கொடுக்க, வீடு எழுந்து நடக்கும். கூலி கிடையாது. வீட்டுக்காரர் காபியும், வாழைப்பழத்தை மசித்து இலையில் அவித்த ஓர் இனிப்பும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நம்மூரு மொய் மாதிரிங்க. அங்க பணத்துக்குப் பதிலா தோளு. நான் போய் வெச்சாத்தான் எனக்குத் திரும்பி வரும்" என்பார் ஓனர்.

மொய் வைக்கத்தான் வருஷா வருஷம் கிளம்புவார். நாங்களெல்லாம் லீவு போட்டால் சென்னைக்குப் போய்ப் பெட்டி நிறைய ஊறுகாயோடு வருவோம். அவர் நியூவார்க்கில் ஏறி, மூன்று விமானம் மாறி, ஒரு வேனில் நசுங்கி, யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு ஊர் சேர்வார். ஒன்றரை நாள் பயணம், அரை மணி நேரத் தூக்கல். தோளில் பிளாஸ்திரியோடு திரும்பி வருவார்.

"ஜிம்முக்குப் போயிருந்தா பக்கத்துலயே முடிஞ்சிருக்குமே அண்ணா" என்பாள் என் மனைவி.

ஒருமுறை, போன வருஷம் தூக்கிப்போன வீட்டையே இந்த வருஷம் பழைய இடத்துக்குத் தூக்கி வந்ததாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"அந்த வீட்டம்மாவுக்குப் புது இடத்துக் காத்து ஒத்துக்கலைங்க."

எங்கள் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அங்கிள், தட்ஸ் நாட் ஹவ் ஹவுஸஸ் வொர்க்" என்றாள். அவர் அதையும் ரசித்துச் சிரித்தார்.

நாங்கள் அதே வளாகத்தில் வேறு கட்டடத்துக்கு மாறியபோது ட்ரக் புக் பண்ணப் போனேன். ஓனருக்கு மானம் போய்விட்டது.

"வீட்டையே தூக்குறவன் பக்கத்துல இருக்கேன். ஃப்ரிட்ஜுக்கு ட்ரக்குங்களா?"

சனிக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு சாஃப்ட்வேர்க்காரர்களைத் திரட்டிவிட்டார். ஃப்ரிட்ஜைக் காலி பண்ணக் கூடாது என்று உத்தரவு. வீட்டைக் காலி பண்ணியா தூக்குகிறார்கள்? ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து, கீறல் விழாமல் வெள்ளைப் போர்வை போர்த்தி, எங்கிருந்தோ கொண்டுவந்த மூங்கில்களைக் கட்டி, அந்த ஊர் பாஷையில் மூன்று எண்ணினார். மூன்றிலேயே தூக்க வேண்டுமா, மூன்று முடிந்த பிறகா என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. பாதிப் பேர் முன்னதாகவும் பாதிப் பேர் பின்னதாகவும் தூக்கியதில், உள்ளே இருந்த இட்லி மாவு கதவிடுக்கு வழியாக ஒழுகத் தொடங்கியது. அப்படியே பார்க்கிங் லாட்டைக் கடந்தோம்.

மகனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த ஆன்ட்டி ஒருவர் இரண்டாம் மாடி பால்கனியில் நின்றிருந்தார். மூங்கிலையும் வெள்ளைத் துணியையும் முன்னால் நடந்த ஓனரையும் பார்த்தவர், கை கூப்பிவிட்டார்.

"யாருப்பா போயிட்டா?"

ஓனர் நிமிர்ந்து பார்த்து, பயபக்தியோடு சொன்னார்: "ஃப்ரிட்ஜுங்கம்மா."

எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்ட்டி தலைக்குக் குளித்ததாகக் கேள்வி.

இப்படிப்பட்ட மனிதர், ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து காபி வேண்டாம் என்றார். எனக்கு அப்போதே திக்கென்றது.

ஹாஜியின் மகனுக்குக் கல்யாணம். புது வீடு கட்ட அந்த நிலம் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேறொருவர் இடம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஓனரின் வீட்டைத் தூக்க வேண்டும். ஆனால் அவருடைய கிரீன் கார்டு ஃபைல் கடைசிக் கட்டத்தில் இருந்தது. இப்போது நாட்டை விட்டுக் காலை எடுத்து வைத்தால் எல்லாம் பாழ் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"நீங்க இல்லாட்டியும் அவங்க தூக்கிடுவாங்க சார்" என்றேன்.

"யாருங்க வருவாங்க? வீட்டுக்காரன் முன்ன நின்னு கூப்பிடோணும், அதுதான் முறை. நான் வருஷத்துல பத்து நாள் தலை காட்டுறவன். ஆள் சேரலைன்னா பலகை பலகையாப் பிரிச்சு அடுக்கிருவாங்க. அத்தோட எனக்குன்னு ஒரு வீடு இருந்ததும் போச்சுங்க."

அவர் சிரிக்காமல் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அங்கே ஞாயிறு காலை என்றால் இங்கே சனி சாயங்காலம். கிளப்ஹவுஸ் டிவியில் வீடியோ கால் போட்டோம். ஓனர் அந்த ஊர்க் கைலியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்தார். முறை தவறக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் காபியும் வாழைப்பழ இனிப்பும் அவரே செய்து கொண்டுவந்திருந்தார். திரையில் வீடு தெரிந்தது. மூங்கில் கட்டித் தயாராக இருந்தது. அதன் முன்னால் ஹாஜி, இரண்டு கோழிகள். வேறு ஒரு ஜீவன் இல்லை.

நேரம் போனது. இனிப்பை யாரும் தொடவில்லை. பட்டா இல்லாத வீட்டை வருஷக்கணக்கில் கேலி செய்த முருகேசனுக்கே மனசு கேட்கவில்லை.

"டிராஃபிக்கா இருக்கும்" என்றார் மெதுவாக.

பைக்கே அபூர்வமாக வரும் ஊர் அது. ஓனர் தலையாட்டினார்.

அப்புறம் தூரத்தில் ஒருவர் வந்தார். பின்னால் இருவர். அதற்குப் பின்னால் பாதையே தெரியாத அளவுக்குக் கூட்டம். ஓனர் எழுந்து திரைக்கு அருகில் போய்விட்டார்.

"அவரு வீட்டை மழையில தூக்கினோமுங்க... அந்தத் தொப்பிக்காரர் வீட்டுலதான் தோளு பிசகுச்சு... அய்யோ, காத்து ஒத்துக்காத வீட்டுக்காரரும் வந்துட்டாருங்க!"

ஆட்கள் மூங்கிலுக்குள் புகுந்து நின்றார்கள். முன்பக்கம் இடது மூலையில் மட்டும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. ஓனர் ஏதோ கேட்டார், ஹாஜி ஏதோ சொன்னார். ஓனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன சொல்றாரு?" என்றார் முருகேசன்.

"அது என்ற இடமாமுங்க. வேற யாரும் நிக்க மாட்டாங்களாமா."

ஹாஜி குரல் கொடுத்தார். ஓனர் டிவிக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி, தோளைச் சாய்த்து, நின்ற இடத்திலிருந்தே தூக்கினார். அங்கே வீடு எழுந்தது. கூரை ஆட, ஜன்னல் படபடக்க, அது நடந்தது. இங்கே ஓனரும் காபி மெஷின் வரைக்கும் நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், நாங்கள் எல்லோருமே தோளைச் சாய்த்துக்கொண்டு அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். திருச்சி ஆன்ட்டி உட்பட.

வீடு புது இடத்தில் இறங்கியதும் முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கார்னர் பிளாட்டா?" என்று மட்டும் கேட்டார்.

கிரீன் கார்டு வந்தது. வந்ததும் ஓனர் வேலையை விட்டுவிட்டு அந்த ஊருக்கே போய்விட்டார். அதற்காகத் தவமிருந்தவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். "கார்டு வாங்காமப் போனாத்தானுங்க, கிடைக்காதுன்னு பயந்து ஓடிட்டான்பாங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

இப்போதும் எங்கள் வளாகத்தில் யார் வீடு மாறினாலும் ட்ரக் கிடையாது, நாங்கள்தான் தூக்குகிறோம். ஆனால் சோபாவின் முன்பக்க இடது மூலையில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. சோபா கோணிக்கொண்டுதான் போகிறது. போகட்டும், அது ஓனருடைய இடம்.