சாயும் ஆக்டோபஸ்

ஆக்டோபஸ் இடது பக்கமாகவே சாய்ந்தது.

சேனாபதி போனில் மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்து மேசைமேல் வைத்துப் பார்த்தார். பிளானோ நகரத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு டிகிரிகூடக் கோணல் இல்லை. கால்கள் எட்டும் ஒரே நீளம். ஆனாலும் கையை எடுத்த மறுநொடி அது இடது பக்கம் குப்புற விழுந்தது.

மூன்று மணிக்குத் தமிழ்ப் பள்ளியில் குழந்தைகளின் கடல் உயிர்க் கைவேலைக் கண்காட்சி. காலையில் ஒன்பது வயது மகள் கயல் தானே வந்து, ஆக்டோபஸ் செய்ய அட்டைக் குழலும் வண்ணத்தாளும் இருந்த பையை நீட்டி, "அப்பா, கேன் யூ மேக் திஸ்?" என்று கேட்டிருந்தாள்.

போன வருடம் அவள் செய்த திமிங்கிலத்துக்குள் அவர் ஒரு குட்டி மோட்டாரைப் பொருத்தப்போய், அது கண்காட்சியில் மேசையிலிருந்து குதித்துச் செத்தது. அன்றிலிருந்து கயல் எந்தக் கைவேலையையும் அப்பாவின் கண்ணில் காட்டுவதில்லை. இதையும் கெடுத்தால் இனி கூப்பிடவே மாட்டாள்.

"இடது பக்கம் சாயுதுன்னா வலது கால் நீளம்னு அர்த்தம்" என்று வலது கால்களைக் கொஞ்சம் வெட்டினார். வலது பக்கம் சாய்ந்தது. இடது கால்களை வெட்டினார். ஆறு முறை மாற்றி மாற்றி வெட்டியபின் கால்கள் கட்டைவிரல் நீளத்துக்கு வந்திருந்தன.

காபியோடு வந்த மனைவி கண்மணி எட்டிப் பார்த்தாள். "என்னுங்க, இது ஆக்டோபஸா, தட்டுவடையா?"

"காலை நீட்டப் போறேன். பார்சல் அட்டைல புதுக் கால். இந்த க்ளூ ஸ்டிக் தாங்காது, மைதா இருக்கா?"

மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். நேரே கொதிநீரில் கொட்டினால் மேல்மாவு மட்டும் வெந்து, உள்ளே பச்சை உருண்டை தங்கிவிடும். கரைத்ததைச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால், பால்போல இருப்பது ஒரு கட்டத்தில் சட்டென்று கண்ணாடிபோல மினுங்கும். அதுதான் பசை.

மினுங்கியபோது எழுந்த வாசனையில், சொந்த ஊர் கோபிப் பள்ளிக்கூடத்தின் வியாழக்கிழமைக் கடைசிப் பீரியட் திரும்பி வந்தது. கைத்தொழில் வகுப்பு. கடலையே பார்த்திராத சேனாபதி தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு மீன் செய்தார். செதிலுக்கு, வகுப்பு முழுக்கக் கெஞ்சி வாங்கிய பென்சில் சீவல். பக்கத்துப் பெஞ்சு குமாரசாமி பசையில் சர்க்கரை போட்டுத் தின்றுவிட்டதால், வாலை ஒட்டுவதற்குப் பசை இல்லை. வாலில்லாத அந்த மீன் ஒரு வருடம் தலைமை ஆசிரியர் அறையில் இருந்தது.

"சிரிச்சது போதும், அடிப்பிடிக்குது" என்றாள் கண்மணி.

மாடி அறைக் கதவு திறந்தது. "அப்பா, ஸ்டில் பிஸி?"

"பிஸிதான் கண்ணு!"

"குட்!" கதவு சாத்திக்கொண்டது. பாவம், வீட்டுப்பாடத்துக்கு நடுவிலும் குழந்தைக்கு இதே கவலை என்று அவர் வேகத்தைக் கூட்டினார்.

புதுக் கால்களை ஒட்டினார். சூடான பசை பட்டதும் அட்டைக் குழல் ஊறி, ஆக்டோபஸ் மண்டியிட்டது. காயவைக்க ஹேர் டிரையரைப் பிடித்தார். காற்றுப் பட்ட மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, அடிப்பக்கம் ஈரமாகவே இருந்தது. சுருங்கும் பக்கம்தானே இழுக்கும்? எட்டுக் கால்களும் மெல்ல மேலே எழுந்து ஆகாயத்தைக் கும்பிட்டன.

"சரண்டர் ஆயிடுச்சுங்க" என்றாள் கண்மணி.

"அடில வெயிட் இல்ல, அதான். உளுந்து எடு."

முக்கால் டம்ளர் உளுந்தை வயிற்றில் நிரப்பித் தூக்கினார். ஊறிய அடிப்பாகம் பிய்ந்தது. உளுந்து மேசையில், தரையில், ஃபிரிட்ஜுக்கு அடியில்.

மணி இரண்டரை. கடைசியில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் மிச்சப் பசையை ஊற்றி, ஆக்டோபஸை அதில் உட்காரவைத்தார். சாய்ந்துதான் இருந்தது. ஆனால் விழவில்லை.

"பாறைல உக்காந்திருக்கு" என்றார் சேனாபதி.

"இட்லிக் கிண்ணத்துல உக்காந்திருக்கு" என்றாள் கண்மணி.

காரில் கயல் அதைப் பார்த்துவிட்டு, "வாவ், அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் மடியில் மூடிய ஷூ டப்பா ஒன்று இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. டோல்வே சாலை முழுக்கக் கண்ணாடியில் பின்சீட்டு ஆக்டோபஸையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பள்ளி வாசலில் கயல் இறங்கி அரங்குக்குள் ஓடினாள். சேனாபதி கிண்ணத்தை இரு கைகளிலும் ஏந்தி, பெயர்ச்சீட்டுகளைப் படித்தபடி நடந்து, 'கயல்' என்ற சீட்டைக் கண்டுபிடித்தார். அங்கே ஏற்கெனவே ஒரு ஆக்டோபஸ் நின்றது. பென்சிலில் சுற்றிச் சுருட்டிய எட்டுக் கால்களையும் அகல விரித்து, ஆடாமல் அசையாமல் நின்றது. பக்கத்தில் காலி ஷூ டப்பாவோடு கயல்.

"ஐ மேட் இட் மைசெல்ஃப்!"

சேனாபதி அதையும் தன் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இது யாரோடது, கண்ணு?"

பள்ளியை நடத்தும் வசந்தாமணி ஆன்ட்டி அவர் முழங்கையைப் பிடித்து, மூலையிலிருந்த வேறொரு மேசைக்குக் கூட்டிப் போனார். அங்கே பதினோரு ஆக்டோபஸ்கள் பதினோரு திசையில் சாய்ந்திருந்தன. ஒன்றின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அப்பா நின்றிருந்தார்.

"இங்க வைங்க தம்பி" என்றார் ஆன்ட்டி. "பிள்ளைங்க வேலைல நீங்க யாரும் கை வைக்காம இருக்கணும்னு, இந்த வருஷம் வீட்டுக்கு ரெண்டு பை கொடுத்து அனுப்பிச்சேன். ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு அப்பாவுக்கு."