புளி மண்டித் தராசில் வளர்ந்தவர்கள்

பிள்ளைகளை அடித்து வளர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கொஞ்சி வளர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். புளி மண்டித் தராசில் நிறுத்து வளர்த்த ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்தில் எங்கள் போர்டிங் அம்மாதான். யுத்த காலத்தில் திருத்தணியில் இருந்தவர்களுக்குத் தராசம்மா என்றால் தெரியும். ஜட்கா வண்டிக்காரரிலிருந்து மலைமேல் பூக்கட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் தராசம்மாதான். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் எங்களுக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

ரயிலடிக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தோம். அம்மா எங்களுக்கு வார்டன். நெட்டையான ஒல்லி உடம்பு, வெள்ளைச் சேலை, கையில் எந்நேரமும் குடை. குடை வெயிலுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், மலைக் குரங்குகளுக்காக. குரங்கு பயம் போக, கிணற்றுப் பயம், ரயில் கேட் பயம், ஜட்காக் குதிரை உதைக்கும் என்ற பயம், டூரிங் சினிமாக் கொட்டகை பயம், பலாச்சுளையைக் கொட்டையோடு விழுங்கிவிடுவோமோ என்ற பயம். கண்ணேறு பயம் மட்டும் தனக்குக் கிடையாது என்று அடித்துச் சொல்வார். கிறிஸ்தவர்கள் அதையெல்லாம் நம்பக் கூடாதாம். ஆனால் கடைத்தெருவில் யாராவது, "புள்ளைங்க கொழுகொழுன்னு கீதுங்களே" என்று சொல்லிவிட்டால் போச்சு. குடையை மடக்கி, எங்களை ஓரமாக நிறுத்தி, அங்கேயே ஒரு ஜெபம் செய்த பிறகுதான் நடக்க விடுவார்.

மாதம் ஒரு சனிக்கிழமை எங்களை வரிசையாகக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவார். அங்கே நாயுடு ஒருவரின் புளி மண்டி இருந்தது. உத்தரத்திலிருந்து சங்கிலியில் பெரிய தராசு தொங்கும். இந்தப் பக்கப் பலகையில் நாங்கள் ஒவ்வொருத்தியாக உட்கார வேண்டும், அந்தப் பக்கம் நாயுடு எடைக்கல் வைப்பார். முதல் தடவை நாயுடு மறுத்துத்தான் பார்த்தாராம். பொம்பளைப் பிள்ளைகளைப் புளி நிறுக்கிற தட்டில் உட்கார வைத்தால் ஊர் சிரிக்காதா என்றாராம். அதற்கு அம்மா சொன்ன பதிலை நாயுடுவே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"நாயுடுகாரு, உங்க புளி குறைஞ்சா உங்களுக்கு நஷ்டம். என் புள்ளைங்க குறைஞ்சா ஆண்டவர் என்னைக் கேப்பாரு. அவருக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது?"

நாயுடு கிருத்திகை தவறாமல் மலையேறுகிறவர். தெய்வத்துக்குப் பதில் சொல்லும் விஷயம் என்றதும் அடங்கிவிட்டார். தட்டு சமமாக நின்றதும் அவர் "முருகா" என்பார், அம்மா "ஸ்தோத்திரம்" என்பார். யார் முந்திச் சொல்வது என்று இருவருக்கும் ஒரு போட்டியே உண்டு. மறுநாள் ஆராதனையில் எங்கள் பெஞ்சு முழுக்கப் புளி நாற்றம் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும்.

போர்டிங்கில் சேர்க்கும் அன்றைக்கே ஒரு தரம் நிறுத்துவிடுவார். "நிறுத்து வாங்கிக்கினேன், குறையாம குடுப்பேன்" என்று, என்னைச் சேர்க்க வந்த அப்பாவிடம் சொன்னார். அப்பாவை நைனா என்போம். நைனா அம்மையார்குப்பத்தில் தறி நெய்பவர், நூலை நிறுத்து வாங்கித் துணியாக நிறுத்துக் கொடுக்கிற தொழில். அவருக்கு இதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்த எடை மண்டியோடு முடிந்தால் பரவாயில்லை. சாயங்கால ஜெபத்தில் பரலோகத்துக்குப் போகும். முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் உடம்பு, குணம் இரண்டையும் பெயர் பெயராக ஒப்புவிப்பார். ஆரம்பம் வேதப் புஸ்தகத் தமிழில் கம்பீரமாக இருக்கும். போகப் போகத் திருத்தணிக்கு வந்துவிடும்.

"கிருபையும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே, சலோமி அரை வீசை குறைஞ்சிட்டா. மூணு நாளா அவளுக்கு வெளிக்கும் போகலை. எஸ்தர் பல்லு தேய்க்காமலே தேய்ச்சேன்னு சொன்னா, அதுவும் உமக்குத் தெரியும்."

எஸ்தருக்குப் பதினைந்து வயது. மூடிய கண்ணுக்குள்ளேயே அவள் செத்துச் செத்துப் பிழைப்பாள். ஆண்டவருக்குத் தெரிவதைப் பற்றி எங்களுக்கு விசாரமில்லை, பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரிந்துபோகிறதே என்றுதான் மறுநாளிலிருந்து ஒழுங்காகப் பல் தேய்த்தோம்.

பெரிய பெண் ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு சின்னப் பெண்ணை ஒப்படைத்திருந்தார். ஈர் எடுப்பது, நகம் வெட்டுவது, சாப்பிட வைப்பது எல்லாம் பெரியவள் பாடு. என் கையில் சலோமி, கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த வெடவெட வாண்டு. அவள் எடை குறைந்தால் அம்மா அவளைக் கேட்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். பார்வை போதும், எனக்குச் சோறு இறங்காது. அம்மாவின் கவலை சிரங்கு மாதிரி எங்கள் எல்லாரையும் தொற்றிக்கொண்டது. சலோமி தும்மினால் நான் நடுங்கினேன். நான் நடுங்குவதைப் பார்த்து எஸ்தர் நடுங்கினாள்.

அந்த வழியாகப் பட்டாளத்து ரயில் போகும். வயசுப் பெண்கள் பார்க்கக் கூடாது என்று எங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிடுவார். ஆனால் அவர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்துவிட்டு, "எந்தத் தாய் பெத்ததுங்களோ, கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கீதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர்களையும் ஒரு தரம் நாயுடு மண்டியில் நிறுத்திவிட்டுத்தான் யுத்தத்துக்கு அனுப்புவார் போலிருந்தது.

பிறகு அரிசிப் பஞ்சம் வந்தது. ரேஷனில் கிடைத்தது பாதி புழு. காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி எந்த ஊர்த் தானியம் என்று தெரியாத ஒன்றின் கஞ்சி. மண்டியில் எங்கள் தட்டு மேலே மேலே போயிற்று. நாயுடு "முருகா" என்பதை மெல்லச் சொன்னார். அம்மா ஜெபத்தில் எடைகளை வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவார்.

அம்மா உபவாசம் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை உபவாசம் முன்பே உண்டு. யுத்தம் முடிய வேண்டும் என்று புதன்கிழமை சேர்ந்தது. பட்டாளத்துப் பிள்ளைகளுக்காகத் திங்கள், மழைக்காகச் செவ்வாய். கடைசியில் நாயுடுவின் மூலவியாதி குணமாக வேண்டும் என்று வியாழக்கிழமையும் உபவாசம் என்றபோதுதான் எஸ்தருக்குச் சந்தேகம் தட்டியது. சமையல்காரி ரோசம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

ரோசம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா துன்னா தானே? அது பங்குக் கஞ்சியெல்லாம் உங்க குண்டாவுலதான் வந்துகினு கீது. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற வழியில், ரயில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒண்ணுமில்ல, வெயிலு என்றார். வானம் மூட்டமாக இருந்தது. சலோமி என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "அக்கா, அம்மா செத்துப்போச்சுன்னா நம்பளை யாரு நிறுப்பாங்க?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அம்மாவிடம் நேராகச் சொன்னால் உபவாசத்தைத் தடுக்கிற பாவம் என்று ஒரு பிரசங்கம் கிடைக்கும். எஸ்தர்தான் வழி கண்டுபிடித்தாள். நம்முடைய எடை ஏறினால் நமக்குப் போதுகிறது என்று அம்மா நினைப்பார், நினைத்தால் சாப்பிடுவார். எடையை எப்படி ஏற்றுவது? நந்தியாற்றில் தண்ணீர்தான் இல்லை, கூழாங்கல்லுக்கு என்ன குறை. ஆளுக்கு ஒன்றிரண்டு பொறுக்கி வந்து, பாவாடை மடிப்பில் வைத்துச் சுருட்டிக் கட்டிக்கொண்டோம்.

அந்தச் சனிக்கிழமை தட்டு கனமாக இறங்கியது. நாயுடு என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பழையபடி உரக்க "முருகா" என்றார். அம்மா ஸ்தோத்திரம் சொல்லவே மறந்து அழுதுவிட்டார். அன்றைக்கு ராத்திரி ஒரு தட்டுக் கஞ்சியை உட்கார்ந்து முழுதாகக் குடித்தார். கதவிடுக்கு வழியாக நாங்கள் எல்லாரும் பார்த்தோம், ரோசம்மாவும் எங்களோடு பார்த்தாள். ஒரு மாதம் உபவாசம் வெள்ளிக்கிழமையோடு நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். நல்ல காரியத்தில் நிதானம் வேண்டாமா, நாங்கள் பேராசைப்பட்டோம். அடுத்த மாதம் கல்லைக் கூட்டினோம். சலோமி மட்டும் ஆர்வத்தில் ஒரு அம்மிக்குழவிக்கு ஆகிற அளவுக்குக் கட்டிக்கொண்டு, நடக்க முடியாமல் நடந்து வந்து தட்டில் ஏறினாள். இரண்டு வீசை ஏறியிருந்தாள்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கூழைக் குடித்துவிட்டு ஒரே மாதத்தில் இரண்டு வீசையா? இது சதை இல்லை, நீர் என்று முடிவு கட்டிவிட்டார். பஞ்ச காலத்தில் உடம்பு வீங்கித்தான் சாவார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். போர்டிங் வந்ததும் எங்களை வரிசையாக உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார். எலும்பில் எங்கிருந்து குழி விழும்? உள்ளுக்குள் வீங்கியிருக்கிறது, அதுதான் ஆபத்து என்றார். அன்றைக்கே எங்கள் கஞ்சியில் உப்பு நின்றது. நீர் வடிய வேண்டும் என்று வேளாவேளைக்கு மூக்கிரட்டைக் கீரைக் கஷாயம். அம்மா மறுபடியும் சுத்த உபவாசத்தில் இறங்கினார், தண்ணீர் மட்டும்.

உப்பில்லாத கஞ்சியையும் அந்தக் கஷாயத்தையும் குடித்தவர்களுக்குத்தான் எங்கள் நிலைமை புரியும். அதைவிட, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்க முடியவில்லை. சொல்லவும் பயம், சொல்லாமலும் பயம். மூன்றாம் நாள் சாயங்கால ஜெபத்தில் அம்மா, "ஆண்டவரே, என் புள்ளைங்க வீக்கத்தை வாங்கி எனக்குக் குடும்" என்று விம்மிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் எழும்பியது.

"ஆண்டவரே, அது வீக்கம் இல்ல, கல்லு."

சலோமி கண்ணை இறுக மூடியபடி தொடர்ந்தாள். "அம்மா துன்னாமலே கீது. எங்க எடை ஏறுனா அது துன்னும்னு கல்லு கட்டிக்கினோம். எஸ்தர் அக்காதான் சொல்லுச்சு. எங்களுக்கு உப்பு வேணும். ஆமென்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். எழுந்து போய் உப்புச் சாடியை எடுத்து வந்து ரோசம்மா கையில் கொடுத்தார்.

காலையில் பிரம்படி நிச்சயம் என்று இருந்தோம். அம்மா குடையை எடுத்துக்கொண்டு மண்டிக்குக் கிளம்பச் சொன்னார். ரோசம்மா பாவாடைகளை உதறிப் பார்த்த பிறகு ஒவ்வொருத்தியாக ஏறினோம். உள்ள எடை எல்லாருக்கும் தெரிந்தது. குறைந்துதான் இருந்தோம், ஆனால் பயந்த அளவு இல்லை. கடைசிப் பெண் இறங்கியதும் எஸ்தர் முன்னால் வந்தாள்.

"எங்களுக்கெல்லாம் ஒருத்தி கையில ஒருத்தின்னு குடுத்துகீறீங்க. நீங்க யாரு கையிலம்மா?"

அம்மா குடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். நீங்களும் ஏறினால்தான் போர்டிங்குக்கு வருவோம் என்று நாங்கள் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நாயுடு ஆட்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானும் மூட்டைப் பக்கம் திரும்பி நின்றார். அம்மா கொஞ்ச நேரம் மண்டிக்குப் பின்புறம் போய்வந்து, மடியைப் பிடித்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்தார். எஸ்தர் எடைக்கல் வைத்தாள். எடை நாங்கள் பயந்ததற்கு ரொம்ப மேலாகவே இருந்தது. "நான் நல்லாத்தான் கீறேன், பாத்துக்குங்க" என்று அம்மா இறங்கினார். நாங்கள் கைதட்டினோம்.

இறங்கும்போது அவர் மடியிலிருந்து நாயுடுவின் இரண்டு வீசை எடைக்கல் ஒன்று பலகையில் உருண்டு வந்து நின்றது.

சத்தம் கேட்டு நாயுடு திரும்பினார். சலோமிதான் முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவே சிரித்தார், சிரிப்பு பாதியில் அழுகையாகப் போய் எங்களையெல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டார். நாயுடு ஒரு மூட்டை கேழ்வரகைப் போர்டிங்குக்கு அனுப்பி வைத்தார், மற்றப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அம்மாவை என் கையில் ஒப்படைத்தார்கள். அன்றிலிருந்து நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டு காலியான பிறகுதான் எழுந்தேன். முறைப்பார், உபவாசம் என்பார், நான் அசையமாட்டேன். யுத்தம் முடிந்து நான் நர்ஸ் படிப்புக்குப் போகும் வரைக்கும் அந்த வேலை என்னுடையது. போகும்போது அவரைச் சலோமி கையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

அம்மா போய் எத்தனையோ காலம் ஆகிறது. நானும் சாயங்காலம் முழங்காலில் நின்று என் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உடம்பையும் குணத்தையும் பெயர் பெயராக ஒப்புவிக்கிறேன், அவர்கள் காதில் விழும்படியாகத்தான். எல்லாம் முடிந்து ஆமென் சொல்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் மெதுவாகக் கேட்டுக்கொள்கிறேன்: ஆண்டவரே, அங்கே எங்க அம்மா வேளைக்குச் சாப்புடுதான்னு கொஞ்சம் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குங்க, அது சொல்றதை நம்பாதீங்க.